இணையவழிக் கூட்டாய்வில் பணிப்பாய்வு மென்பொருள்கள்: உத்திரமேரூர் வாரிய விதிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பலர் சேர்ந்து செய்யும் ஆய்வுப் பணியையும் கற்றல் பணியையும் படிநிலைகளாகப் பிரித்து, எந்தப் படியை யார் செய்தார், அடுத்த படிக்கு யார் அனுப்பினார் என்பதைப் பதிந்து வைக்கும் மென்பொருள்களைப் பணிப்பாய்வு மென்பொருள்கள் என்கிறோம். தமிழ் விக்கிமூலம், ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ், மூடில், கிட் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அவற்றின் உள்ளமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது. இவற்றின் முதன்மைப் பயன் விரைவு அன்று, பொறுப்பைப் பிரித்துப் பதிவதே என்பது இதன் கருத்து. அதனைத் தெளிவாக்க, உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் காணப்படும் வாரிய விதிகள் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பணிப்பாய்வு, கூட்டாய்வு, மெய்ப்பு, விக்கிமூலம், வாரியம், கணக்கு, உத்திரமேரூர்.

முன்னுரை

தமிழ்த்துறைகளில் கூட்டுப்பணி புதிதன்று. சுவடி பெயர்த்தெழுதுதல், அகராதித் தொகுப்பு, நாட்டார் வழக்காற்றுச் சேகரிப்பு எதுவும் தனியொருவரால் முடிந்ததில்லை. ஆயினும் அச்சேறும் நூலின் முகப்பில் ஒரு பெயரே நிற்கும். படியெடுத்த மாணவர், ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொன்ன முதியவர், மெய்ப்புத் திருத்தியவர் ஆகியோர் நன்றியுரையின் ஒரு வரிக்குள் அடங்குவர். பல வேளைகளில் அவ்வரியிலும் இரார். இதனால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. உழைத்தவருக்குரிய சான்று அழிகிறது. பிழை ஒன்று தென்படும்போது அது மூலத்தில் இருந்ததா, படியெடுத்த கையில் நேர்ந்ததா, திருத்திய கையில் நேர்ந்ததா என்று தேடுவதற்கான வழியும் அடைபடுகிறது.

இணையம் வந்தபின் இந்நிலை மாறியிருக்க வேண்டும். ஆனால் இன்றும் பெரும்பாலான ஆய்வுக் குழுக்கள் வாட்ஸ்அப் வழியே கோப்புகளை அனுப்பிக்கொள்கின்றன. 'இறுதிப்படி', 'இறுதிப்படி புதியது', 'இறுதிப்படி திருத்தியது' என்று ஒரே இயலுக்கு மூன்று கோப்புகள் மூவர் கைப்பேசிகளில் இருக்கும். எது பின்னது என்பதைக் கோப்பின் பெயர் சொல்லாது. செய்தியைச் சேர்ப்பிக்கும் கருவி வேறு, பணியை நடத்தும் கருவி வேறு என்னும் வேறுபாடு உணரப்படாததன் விளைவு இது.

உத்திரமேரூர் விதிகள்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் உள்ளன. வெ. வெங்கய்யா இவற்றை 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் ஆராய்ந்து வெளியிட்டார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி முதலானோர் பின்னர் விரிவாக எழுதினர். குடவோலை முறை என்றவுடன் தேர்தலே நினைவுக்கு வருவது வழக்கம். பள்ளிப் பாடநூல்களும் அங்கேயே நின்றுவிடுகின்றன. பணிப்பாய்வு நோக்கில் படித்தால், தேர்தலுக்குப் பிந்தைய விதிகளே கூடுதலாகப் பேசுகின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் எனப் பணி பகுக்கப்பட்டது. பஞ்சவார வாரியமும் பொன் வாரியமும் தனியே அறுவர் அறுவராக அமைந்தன. சம்வத்சர வாரியத்துக்கு வருவோர் முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவராகவும் கல்வியிலும் வயதிலும் மூத்தவராகவும் இருத்தல் வேண்டும். அதாவது, சிறு பொறுப்பில் இருந்து காட்டியவருக்கே பெரும் பொறுப்பு. பொறுப்பின் காலம் 360 நாள். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய குறிப்பிட்ட உறவினரும் குடவோலைக்கே தகுதியற்றவர்.

ஓலை எடுக்கும் முறையிலும் இதே கவனம் உண்டு. சிறுவன் ஒருவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதனை வாசிக்க வேண்டும். ஒருவர் படித்ததைப் பிறர் நம்பினால் போதும் என்று சபை விடவில்லை.

கணக்கனைப் பற்றிய விதி எல்லாவற்றினும் நுட்பமானது. ஒருவன் எழுதிய கணக்கை அவனே காட்ட வேண்டும். அதனை முடித்துக் கொடுக்க வேறு கணக்கனை நுழைக்கலாகாது. கணக்கைக் காட்டித் தூயவன் எனப்படாதவரை அவனுக்கு அப்பொறுப்பு மறுபடி இல்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. 919இல் செய்த ஏற்பாட்டை இரண்டே ஆண்டுகளில் சபை திருத்தி விரிவாக்கியது. பழைய ஏற்பாட்டைச் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டும் சுவரில் நிற்கின்றன. விதி எப்போது எவ்வாறு மாறியது என்பதை இன்று நாம் அறிவது இதனால்தான்.

இவ்வொப்புமையை அளவு கடந்து நீட்டுதல் தகாது. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் ஒரு பிரமதேயம். நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்ட ஆடவர் பெயரே குடத்துக்குள் சென்றது. ஏரியில் மண் சுமந்தவர் பெயர் ஓலையில் ஏறவில்லை. யாருடைய பெயர் பதிவாகிறது, யாருடைய பெயர் பதிவாவதில்லை என்னும் வினா மென்பொருளுக்கும் உரியது. அதனைக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் காண்போம்.

மதுரைத்திட்டம் முதல் விக்கிமூலம் வரை

தமிழில் இணையவழிக் கூட்டுப்பணிக்கு முதற்பெரும் சான்று மதுரைத்திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இதனை, சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் ஒருங்கிணைத்தனர். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சிட, வேறு சிலர் மெய்ப்புப் பார்க்க, மின்னஞ்சலே பணியை நகர்த்தியது. ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் தட்டச்சிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் தனித்தனியே தரப்பட்டன. சிறிய ஏற்பாடாகத் தோன்றினும், தமிழ்ப் பதிப்புலகில் இது பெரிய மாற்றம். ஆயின் அப்பதிவு நூல் முழுமைக்கும் ஒன்றே. குறிப்பிட்ட ஒரு வரியில் ஓர் எழுத்து எப்போது, எவரால் மாறியது என்று அதனைக் கொண்டு அறிய இயலாது.

இக்குறையை நீக்குவதற்கு நூலைப் பக்கங்களாகப் பிரிக்க வேண்டும். குட்டன்பர்க் திட்டத்துக்குத் துணையாக 2000இல் சார்லஸ் ஃபிராங்க்ஸ் தொடங்கிய 'டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ்' அதனைச் செய்தது. பணியின் அலகு நூலாக இல்லாமல் ஒரு பக்கமாகச் சுருங்கியது. ஒரு நூலுக்கு ஆறு மாதம் ஒதுக்க இயலாதவரும் ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்க இயலும்.

தமிழ் விக்கிமூலம் இவ்வகையிலேயே இயங்குகிறது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களின் படிமங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்க, அவை விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டன. கூகுளின் எழுத்துணரி கொண்டு அப்படிமங்களை உரையாக மாற்றும் நிரலைக் கணியம் இதழின் த. சீனிவாசன் உருவாக்கினார். எழுத்துணரி தரும் உரை முதற்படியே. அதனை மனிதக் கண் ஒப்பிட வேண்டும்.

ஒவ்வொரு நூலுக்கும் 'அட்டவணை' என்னும் ஒரு பக்கம் உண்டு. அதில் நூலின் பக்க எண்கள் கட்டம் கட்டமாக, நிறத்தோடு நிற்கும். மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள். இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. படிமம் சிதைந்தோ வேறு காரணத்தாலோ சிக்கலாக இருப்பது நீலம். உரையே இல்லாத வெற்றுப்பக்கம் சாம்பல். ஒரு பக்க எண்ணைத் தொட்டால், ஒருபுறம் அச்சுப் படிமமும் மறுபுறம் திருத்தத்தக்க உரையும் வரும்.

இந்நிற மாற்றங்களுக்குள்ளே மென்பொருள் ஒரு விதியைப் பொதிந்து வைத்துள்ளது. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க இயலாது; அதற்குரிய பொத்தான் அவருக்குக் காட்டப்படுவதே இல்லை. சிவப்பிலிருந்து நேரே பச்சைக்குத் தாவவும் இயலாது. பயனர் கணக்கின்றி வருவோர் உரையைத் திருத்தலாம். பக்கத்தின் நிலையை மாற்ற இயலாது. மேலும், ஒவ்வொரு சேமிப்பும் பக்க வரலாற்றில் பயனர் பெயரோடும் நேரத்தோடும் நிற்கும். எவ்விரு நிலைகளையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காணலாம். எழுதியவனே கணக்குக் காட்டுவதும், ஒருவர் படித்ததைப் பிறரும் படிப்பதும், பழைய ஏற்பாட்டை அழிக்காது வைப்பதும் இங்கு நிரலின் வடிவில் மீண்டும் வருகின்றன. உத்திரமேரூரில் அவற்றைக் காத்தது சபை. இங்கே காப்பது ஒரு மென்பொருள் நீட்சி.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

இருவர் கண் போதுமா? தமிழைப் பொறுத்தவரை போதாது. காரணம் நம் எழுத்து வடிவங்களிலேயே உள்ளது. 'ர்' என்பதனை ரகரமும் புள்ளியும் சேர்த்து உள்ளிடுவது முறை. எழுத்துணரியோ தட்டச்சரோ துணைக்காலும் புள்ளியும் சேர்த்து உள்ளிட்டுவிட்டால், பல எழுத்துருக்களில் திரையில் வேறுபாடு தோன்றாது. 'ஔ' என்னும் ஓரெழுத்தும், ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து நிற்பதும் கண்ணுக்கு ஒன்றே. தமிழ் எண் ஒன்றும் ககரமும், ஏழும் எகரமும், எட்டும் அகரமும் அவ்வாறே. மெய்ப்புப் பார்ப்பவர் எத்துணைக் கவனமாயினும் இவற்றைக் காணார். பின்னர் ஓர் ஆய்வாளர் அச்சொல்லைத் தேடும்போது அது கிடைக்காது. கிடைக்காததை இல்லாதது என்று அவர் முடிவு செய்தால், சொல்லாட்சி பற்றிய அவர் ஆய்வு பிழைபடும்.

இவற்றைக் கண்டறிய நிரலே ஏற்றது. இரண்டு வரி நிரல் ஒரு நூல் முழுவதிலும் துணைக்காலுக்குப் பின் வரும் புள்ளியைப் பிடித்துவிடும். மறுதலையாக, எழுத்துணரி 'மனம்' என்பதனை 'மணம்' எனப் படித்திருந்தால் நிரலுக்கு இரண்டும் சொற்களே. படிமத்தைப் பார்க்கும் மனிதருக்கே பிழை தெரியும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களின் பழைய னை, லை, றா வடிவங்கள் இவ்விரு வகைக்கும் இடைப்பட்டவை. ஆதலின் பணிப்பாய்வை அமைப்போர் மனிதப் படியையும் நிரற் படியையும் மாறி மாறி வைத்தல் வேண்டும். முதலில் நிரல், பின் ஒருவர், பின் மற்றொருவர், இறுதியில் மீண்டும் நிரல் என்னும் வரிசையை நான் பரிந்துரைப்பேன். இறுதி நிரற் படி தேவைப்படுவது ஏனெனில், மெய்ப்புப் பார்ப்பவரின் விசைப்பலகையும் புதிய பிழைகளைக் கொணரும்.

கல்வெட்டுப் பாடமும் கிட் முறையும்

கல்வெட்டைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கே அச்சுப் படிமத்தைப் போன்ற உறுதியான மூலம் இல்லை. கல் உள்ளது, மைப்படி உள்ளது, படித்தவரின் பாடம் உள்ளது, மூன்றும் மாறுபடலாம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஆறாம் தொகுதியில் உத்திரமேரூர்ச் சாசனங்கள் பல உள்ளன. அவற்றை எண்மமாக்கும்போது, தெளிவாகப் படித்த எழுத்து, ஐயத்துக்குரிய எழுத்து, பதிப்பாசிரியர் ஊகித்து இட்ட எழுத்து, முற்றிலும் சிதைந்த இடம் ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டியாக வேண்டும். இதற்கென வகுக்கப்பட்ட குறியீட்டு மரபு எபிடாக். 2019இல் ஐரோப்பிய ஆய்வு மன்ற நல்கையுடன் தொடங்கிய 'தர்மா' திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் இம்முறையில் குறியிட்டு, கிட்ஹப் களஞ்சியங்களில் வைத்துப் பேணுகிறது.

கிட் என்பது லினக்ஸ் கருநிரலின் மேம்பாட்டுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய பதிப்பு மேலாண்மை மென்பொருள். ஒவ்வொரு மாற்றத்துடனும் செய்தவர் பெயர், நேரம், காரணக் குறிப்பு ஆகியவை சேமிக்கப்படும். ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யாரென அறிய அதில் ஒரு கட்டளை உண்டு. அதற்குப் 'பழி' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டுள்ளனர்; 'பொறுப்பு' என்று பெயரிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். காரணக் குறிப்பு எழுதும் பழக்கமே கல்வெட்டாய்வாளருக்கு இதன் பெருங்கொடை. "மைப்படியில் இவ்வெழுத்து னகரமாகத் தெரிகிறது, முன்னைப் பாடம் ணகரம்" என்று ஒரு வரி எழுதிச் சேமித்தால், பத்தாண்டு கழித்து வருபவர் அம்மாற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ வழியுண்டு.

பெயர் மறைத்தலும் பெயர் காட்டலும்

ஆய்விதழ்ப் பணியில் விதி வேறாகிறது. ஜான் வில்லின்ஸ்கி 1998இல் கனடாவில் தொடங்கிய பொது அறிவுத் திட்டத்தின் வெளியீடான ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ், கட்டுரையை நான்கு படிகளில் நகர்த்துகிறது: சமர்ப்பித்தல், மதிப்பாய்வு, படி செம்மையாக்கம், வெளியீட்டு ஆக்கம். தமிழாய்விதழ்கள் சிலவும் இதனைப் பயன்படுத்துகின்றன. இருபுறமும் பெயர் மறைத்த மதிப்பாய்வில் ஆசிரியர் யாரென மதிப்பாய்வாளர் அறியார். மதிப்பாய்வாளர் யாரென ஆசிரியர் அறியார். பதிப்பாசிரியர் இருவரையும் அறிவார். எத்தேதியில் அழைப்புச் சென்றது, எத்தேதியில் கருத்து வந்தது, என்ன முடிவெடுக்கப்பட்டது என்பன அனைத்தும் பதிவாகும். பெயர் மறைவதால் பொறுப்பு மறைவதில்லை.

ஆனால் மென்பொருள் மறைத்ததை நாம் வெளிப்படுத்திவிடுகிறோம். வேர்டு கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் தானே ஏறியிருக்கும். அதனை நீக்காமல் அனுப்பினால் மறைப்புப் பயனற்றது. "என் முந்தைய கட்டுரையில் நிறுவியவாறு" என்று எழுதி அடிக்குறிப்பும் இட்டுவிட்டால் கோப்பின் பண்புகளையும் பார்க்க வேண்டியதில்லை.

வகுப்பறையில் கூட்டுப்பணி

மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கி 2002இல் முதற்பதிப்பு வெளிவந்த மூடில், கற்றல் மேலாண்மைக்கான கட்டற்ற மென்பொருள். அதன் 'பட்டறை' என்னும் செயற்பாடு நம் துறைகளில் பெரிதும் கவனிக்கப்படாதது. ஆசிரியர் அமைத்தல், மாணவர் ஒப்படைத்தல், ஒருவர் பணியை மற்றவர் மதிப்பிடல், மதிப்பீட்டை மதிப்பிடல், நிறைவு என ஐந்து கட்டங்களில் அது நகரும். மாணவர் இரண்டு மதிப்பெண் பெறுவார்: ஒன்று தம் கட்டுரைக்கு, மற்றொன்று பிறர் கட்டுரையை மதிப்பிட்ட நேர்மைக்கு. பிறர் எழுத்தைக் கூர்ந்து படிப்பதும் கல்வியே என்று மதிப்பெண் அளித்து ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு நம் தேர்வு முறையில் வேறெங்கும் இல்லை.

இதனை விக்கிமூலப் பணியோடு இணைத்துப் பார்க்கலாம். ஆறு முதுகலை மாணவர் 180 பக்க நூல் ஒன்றை எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். ஒருவருக்கு 30 பக்கம் மெய்ப்பு, 30 பக்கம் சரிபார்ப்பு. இங்கே பங்கீட்டில் ஒரு நுட்பம் தேவை. முதல்வரும் இரண்டாமவரும் தமக்குள் பக்கங்களை மாற்றிக்கொண்டால், நீ என் பக்கத்தைப் பச்சையாக்கு, நான் உன் பக்கத்தைப் பச்சையாக்குகிறேன் என்னும் உடன்பாடு சொல்லாமலே ஏற்பட்டுவிடும். மென்பொருளின் விதி மீறப்படவில்லை. அதன் நோக்கம் தோற்றது. ஆதலின் முதல்வர் பக்கத்தை இரண்டாமவரும், இரண்டாமவர் பக்கத்தை மூன்றாமவரும், ஆறாமவர் பக்கத்தை முதல்வரும் எனச் சுற்றாக அமைத்தல் நன்று. ஆசிரியர் பச்சைப் பக்கங்களில் பத்தினைத் தாமே எடுத்து எஞ்சிய பிழைகளை எண்ணி, சரிபார்த்தவர் மதிப்பெண்ணில் சேர்த்தால் பட்டறையின் நான்காம் கட்டம் கைகூடும். பக்க எண்ணிக்கையை மட்டும் கொண்டு பரிசளிப்பது இப்பணிக்குத் தீங்கே செய்யும்.

யார் பெயர் குடத்துள் உள்ளது?

உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவருக்குப் பெரும்பாலும் கைப்பேசியே கணினி. விக்கிமூலத்தில் படிமமும் உரையும் அருகருகே நிற்பது அகன்ற திரைக்கு ஏற்றது. கைப்பேசியில் இரண்டையும் ஒருசேரக் காண்பது கடினம். கிட் மென்பொருளைக் கட்டளை வரியில் இயக்கக் கணினி வேண்டும், ஆங்கிலமும் ஓரளவு வேண்டும். சொந்த மனையும் நிலமும் கேட்ட பழைய தகுதி விதியைப் போல, மடிக்கணினியும் தடையற்ற இணைப்பும் எழுதப்படாத தகுதி விதிகளாகிவிடுகின்றன. கருவி எல்லோருக்கும் இலவசமென்பதால் எல்லோருக்கும் எட்டுவதாகாது.

இதனை ஓரளவு ஈடுசெய்யப் பணியைப் பகுக்கும் முறையே உதவும். கைப்பேசியில் செய்யத்தக்கவற்றைத் தனிப் படிகளாக்கலாம்: கோயிற் சுவரையும் ஏரிக்கரைக் கற்களையும் அளவுகோலுடன் படமெடுத்தல், இடக்குறிப்பும் உள்ளூர்ப் பெயரும் சேர்த்தல், கல்வெட்டில் வரும் நிலப்பெயர் இன்றும் வழங்குகிறதா என ஊராரிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்தல். பாடம் படித்தலும் குறியிடலும் கல்லூரிக் கணினிக் கூடத்தில், வாரத்துக்குக் குறித்த மணிநேரத்தில் நடக்கலாம். முன்னவை உதவிப்பணி என்று தள்ளப்படாமல், படமெடுத்தவர் பெயரும் தகவல் தந்தவர் பெயரும், அவர் இசைந்தால், அதே பதிவில் ஏற வேண்டும். நிலப்பெயரை அறிந்த விவசாயியின் சொல் இல்லையேல், கல்வெட்டின் எல்லைக் குறிப்பைப் பாடம் படித்தவரால் நிலத்தில் காட்ட இயலாது.

கணினிக் கூடத்தின் சாவி ஒருவரிடம் இருப்பதும், அவர் விடுப்பெடுத்த நாளில் கூடம் மூடியிருப்பதும் எந்தப் பணிப்பாய்வு வரைபடத்திலும் வருவதில்லை. ஆனால் பணி நிற்பது பெரும்பாலும் அங்கேதான். அட்டவணையில் மஞ்சள் பெருகிப் பச்சை வளராதிருந்தால், மாணவரின் ஊக்கத்தை ஐயுறுமுன் கூடம் திறந்திருந்த நாள்களை எண்ணிப் பார்க்கலாம்.

விக்கிமூலத்தில் ஒவ்வொரு பயனரின் பங்களிப்புகளும் ஒரே பட்டியலாக, நாள்வாரியாக, எவரும் காணத்தக்க நிலையில் உள்ளன. முதுகலைத் திட்டக்கட்டுரையின் பின்னிணைப்பில் அப்பட்டியலின் இணைய முகவரியைச் சேர்க்க இன்றுள்ள நடைமுறையில் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை. வாய்மொழித் தேர்வில் நெறியாளர் அதனைத் திறந்து, ஒரு பக்கத்தின் வரலாற்றை எடுத்து, இத்திருத்தத்தை ஏன் செய்தாய் என்று கேட்கலாம். செய்தவரே விடை சொல்வார்.